ஒரு மூலம், பல உரைகள்: உளவியல் கோட்பாடுகளும் ஒரு சிறுவனின் அச்சமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உளவியலின் முதன்மைக் கோட்பாடுகள் - ஓர் ஒப்பீடு' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும், ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் வரைந்த அட்டவணைதான் நினைவுக்கு வந்தது. உளப்பகுப்பு, நடத்தையியல், மனிதநேய உளவியல், அறிதல் உளவியல், உயிரியல் நோக்கு என்று ஐந்து கட்டங்கள்; ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பெயர்கள், மூன்று குறைகள். மாணவர்கள் அதனை மனப்பாடம் செய்தார்கள், தேர்வெழுதினார்கள், தேறினார்கள். அதனால் எந்தக் குழந்தைக்கேனும் நன்மை விளைந்ததா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. ஆகவே அந்த அட்டவணையை நான் இங்குக் கொண்டுவரவில்லை.

வேறொன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன்பு நம் கூட்டத்தில் கிணற்றைப் பற்றிய ஒரு கவிதை படிக்கப்பட்டது. நம் வட்டத்துக்குப் புதிதாக வந்த அம்மையார் ஒருவர் எழுதியது. இரவில் கிணற்றங்கரைக்குப் போக அஞ்சும் ஒரு பெண் அதில் பேசுகிறாள். கவிதை முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, கிணறு என்பது தாயின் கருப்பை என்றும், அச்சம் என்பது மறைந்து நிற்கும் விருப்பமே என்றும், நனவிலி மனத்தின் மொழியில் இவ்விரண்டும் ஒன்றென்றும் விளக்கினார். பலர் தலையசைத்தார்கள். அந்த அம்மையார், "ஐயா, அது எங்கள் வீட்டுக் கிணறு" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். விளக்கம் சொன்ன அந்த உறுப்பினர் நான்தான். அன்றிரவு எனக்கு நல்ல உறக்கமில்லை.

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்று சொல்வது நம் மரபு. மூலம் ஒன்று, மணக்குடவர் ஓரிடத்தில் நிற்கிறார், பரிமேலழகர் இன்னோரிடத்துக்கு அழைத்துப் போகிறார். எந்த உரையைக் கையில் எடுத்தோமோ அந்தக் குறளே நமக்குக் கிடைக்கிறது. உளவியலிலும் இப்படிப் பல உரைகள் கண்ட மூலம் ஒன்று உண்டு. அது ஒரு சிறுவனின் அச்சம். அதை வைத்துக்கொண்டே கோட்பாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இடம் வியன்னா நகரம். 1908ஆம் ஆண்டு சனவரி மாதம். ஐந்து வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் தெருவுக்குப் போக மறுக்கிறான். பணிப்பெண்ணோடு வெளியே சென்றவன் பாதி வழியில் அழுது, அம்மாவிடம் போக வேண்டும் என்கிறான். மறுநாள் அம்மாவே அழைத்துப் போகிறார், அப்போதும் நடுக்கம். குதிரை கடித்துவிடும் என்று அஞ்சியதாக வீடு திரும்பும்போது சொல்கிறான். அந்நாளைய வியன்னாவில் பேருந்தை இழுப்பது குதிரை, சரக்கை இழுப்பது குதிரை. போதாக்குறைக்கு அவன் வீட்டுக்கு எதிரிலேயே சுங்கச் சரக்குகளை ஏற்றி இறக்கும் கிடங்கு ஒன்று. நாள் முழுதும் வண்டிகள் வந்துபோகும். குதிரைக்கு அஞ்சுவதென்றால் வாசற்படிக்கு அஞ்சுவதென்றே பொருள்.

சிறுவனின் தந்தை மாக்ஸ் கிராஃப் ஓர் இசை விமரிசகர். சிக்மண்ட் ஃபிராய்டின் புதன்கிழமைக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். மகன் சொன்னதையெல்லாம் அவர் எழுதி ஃபிராய்டிடம் கொடுத்தார். ஃபிராய்டு தம் விளக்கத்தைச் சொல்ல, தந்தை அதனை வீட்டில் மகனிடம் பேசினார். இந்த மருத்துவக் காலத்தில் ஃபிராய்டு அச்சிறுவனைச் சந்தித்தது ஒரே ஒரு முறை, மார்ச் 30ஆம் நாள். 1909இல் வெளியான அந்த ஆய்வில் சிறுவனுக்கு ஹான்ஸ் என்று பெயர்.

ஃபிராய்டின் உரை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. சிறுவனுக்குத் தாய்மேல் பற்று, தந்தை போட்டியாளர், தந்தை இல்லாமற்போனால் நல்லது என்று ஒரு விருப்பம், அந்த விருப்பத்துக்காகத் தண்டனை வரும் என்று ஓர் அச்சம். அன்பும் பகையும் ஒருவர்மீதே இருப்பதைத் தாங்க இயலாத மனம், பகையைக் குதிரையின்மேல் ஏற்றிவைத்தது. குதிரையின் வாயைச் சுற்றிய கருமை தந்தையின் மீசை. கண்ணருகே கட்டியிருப்பது தந்தையின் மூக்குக் கண்ணாடி. குதிரை கடிக்கும் என்றால் தந்தை தண்டிப்பார். குதிரை விழும் என்றால் தந்தை சாவார்.

இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. நானும் வகுப்பில் மாணவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிக்குமுன் ஒன்றை நினைக்க வேண்டும். குழந்தையின் அச்சத்தை அடம் என்றும் முட்டாள்தனம் என்றும் பெரியவர்கள் ஒதுக்கிய காலத்தில், அதற்குப் பொருள் உண்டு, அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிவைக்க வேண்டும் என்று கருதியவர்கள் இவர்கள். கவிஞர்களாகிய உங்களுக்கு ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். ஊர்ப்பிள்ளைகள் விளையாட்டில் 'குதிரையினால், குதிரையினால்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், அதிலிருந்தே தனக்கு இது வந்திருக்கலாம் என்றும் சிறுவன் ஒருநாள் சொல்கிறான். செருமானிய மொழியில் 'வேகன்' என்ற சொல்லுக்கு 'அதனால்' என்று பொருள். ஏறத்தாழ அதே ஒலியுடைய இன்னொரு சொல்லுக்கு 'வண்டிகள்' என்று பொருள். குதிரைமேல் இருந்த அச்சம் வண்டிகளுக்கும் பரவ இந்த ஒலியொப்புமை வழிதிறந்தது என்று ஃபிராய்டு அடிக்குறிப்பில் எழுதுகிறார். ஒரு சிலேடையின்மீது ஏறி அச்சம் பயணம் செய்கிறது! பிற்காலத்தில் ழாக் லக்கான் 1956-57 கருத்தரங்கின் பெரும்பகுதியை இந்தச் சிறுவனுக்கே ஒதுக்கியதற்கு இத்தகைய இடங்களே காரணம். மொழியைப் பொருட்படுத்திய உளவியல் என்ற வகையில் உளப்பகுப்புக்கு இணை இல்லை.

குறை எங்கே? சான்று பதிவான முறையில். கேள்வி கேட்டவர் தந்தை. கேட்பதற்கு முன்பே விடையை அறிந்து வைத்திருந்தவரும் அவரே. சிறுவன் தானாகச் சொல்ல இயலாத பலவற்றை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததை ஃபிராய்டும் மறைக்கவில்லை. தாயாரும் முன்னர் ஃபிராய்டிடம் மருத்துவம் பெற்றவர். அந்த ஒற்றைச் சந்திப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், பேராசிரியர் கடவுளோடு பேசுவாரா, இல்லையென்றால் எல்லாம் அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்ற பொருள்படச் சிறுவன் தந்தையைக் கேட்டானாம். இதைவிடக் கூர்மையான விமரிசனத்தைப் பின்னால் வந்த அறிஞர்கள் யாரும் எழுதிவிடவில்லை. (இன்னொரு வேடிக்கை: அவனுடைய மூன்றாவது பிறந்தநாளுக்கு ஃபிராய்டு ஓர் ஆடும் மரக்குதிரையைத் தாமே மாடிப்படி ஏறித் தூக்கிவந்து கொடுத்ததாக மாக்ஸ் கிராஃப் பின்னாளில் எழுதினார். எந்த உரையிலும் அந்த மரக்குதிரைக்கு இடமில்லை.)

ஃபிராய்டோடு நேரடியாகக் கருத்து வேறுபட்டவர் நம் நாட்டிலும் இருந்தார். 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்புக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர போசு, ஐரோப்பிய நோயாளரிடம் காணும் தண்டனை அச்சம் தம் இந்திய நோயாளரிடம் அவ்வளவு வெளிப்படையாக இல்லை என்று 1929இல் ஃபிராய்டுக்குத் தெரிவித்தார். மதித்துக்கொண்டே மறுத்தார். ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அவருடைய கழகம் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றை அனுப்பி வைத்தது. நாமோ இன்னும் ஃபிராய்டை வழிபடவோ வையவோ மட்டும் கற்றிருக்கிறோம்.

இனி அட்லாண்டிக்கைக் கடந்து பால்டிமோர் நகருக்கு வருவோம். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசாலி ரேய்னரும் 1920இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு குழந்தை இருக்கிறான். ஆல்பர்ட் என்று பெயரிட்டார்கள். மனத்தைப் பற்றிப் பேசுவதே வீண், கண்ணுக்குத் தெரியும் நடத்தை ஒன்றே அறிவியலுக்கு உரியது என்பது வாட்சனின் கொள்கை. பதினோரு மாதக் குழந்தைக்கு ஒரு வெள்ளெலியைக் காட்டினார்கள். அவன் அஞ்சாமல் கையை நீட்டினான். நீட்டிய நொடியில் தலைக்குப் பின்னால் ஓர் எஃகுச் சட்டத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு நாள், மொத்தம் ஏழு முறை. அதன் பிறகு ஓசையே இல்லாமல் எலியை மட்டும் கண்டாலும் அவன் அழுது தவழ்ந்து விலகினான். முயலுக்கும் நாய்க்கும் உரோம மேலாடைக்கும் அந்த அச்சம் பரவியது.

இவ்வாறு உண்டாக்கிய அச்சத்தை நீக்கும் முயற்சி நடைபெறவில்லை. குழந்தை மருத்துவமனையைவிட்டு அழைத்துச் செல்லப்பட்டான். இருபது ஆண்டு கழித்து உளப்பகுப்பாளர் ஒருவர் இவனுடைய உரோம ஆடை அச்சத்துக்குக் கனவிலிருந்து காமக் காரணம் கண்டுபிடிப்பார் என்று அந்தக் கட்டுரையிலேயே வாட்சன் கேலி செய்கிறார். கேலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேலிக்கு நேரம் கிடைத்தவர்களுக்கு அந்தக் குழந்தையைத் தேடிப் போக நேரம் கிடைக்கவில்லை. அவன் யார் என்று 2009இல் ஒரு குழுவினர் ஓர் அடையாளம் சொன்னார்கள். அதன்படி அவன் ஆறு வயதில், 1925இல் இறந்துவிட்டான். 2014இல் வேறு ஆய்வாளர்கள் இன்னோர் அடையாளம் சொன்னார்கள். அதன்படி அவர் 2007 வரை வாழ்ந்தார். ஒரு நூற்றாண்டாக எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் குழந்தை இந்த இருவரில் யார் என்பதில் இன்றும் இணக்கம் இல்லை. வாட்சன் 1920இலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. விளம்பரத் துறைக்குப் போனார், செல்வாக்கோடு விளங்கினார். 1928இல் வெளியான அவருடைய குழந்தை வளர்ப்பு நூல், குழந்தையை அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று தாய்மார்களுக்கு அறிவுரை சொன்னது.

ஜோசப் வோல்பியும் ஸ்டான்லி ராக்மனும் 1960இல் நடத்தையியல் சார்பில் ஹான்சுக்கு உரை எழுதினார்கள். சிறுவனே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறான்: அம்மாவோடு நடந்து போகையில் பேருந்தை இழுத்த பெரிய குதிரை ஒன்று விழுந்து கால்களை உதைத்தது, அது செத்துவிட்டது என்று அவன் நினைத்தான். இது போதாதா, மீசையும் கண்ணாடியும் எதற்கு என்பது அவர்கள் வழக்கு. வலிமையான வழக்கு. ஆயினும் அதே தெருவில் விழுந்த குதிரையைக் கண்ட வேறு சிறுவர்கள் ஏன் வீட்டுக்குள் அடைந்துகொள்ளவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் உரையில் விடை மெலிவாகவே இருக்கிறது.

நடத்தையியலின் மறுபக்கத்தைக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். கட்டுரைக்கட்டுரையாக வாட்சனைப் பற்றி எழுதும் நம்மவர் இந்த அம்மையாரைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதில்லை. 1924இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்ற சிறுவன் வருகிறான். தொடக்கத்தில் அவனுக்கு வயது இரண்டு ஆண்டும் பத்து மாதமும். எலி, முயல், உரோம ஆடை, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் அஞ்சுபவன். யாரும் அவனுக்குச் சுத்தியல் அடித்ததில்லை. அச்சத்தை அவனே எங்கிருந்தோ கொண்டு வந்திருந்தான். ஜோன்ஸ் அவனை நாற்காலியில் அமர்த்தி அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தார். கூண்டிலிருந்த முயலை அறையின் தொலைவான மூலையில், அவன் உண்பதைக் கெடுக்காத இடத்தில் வைத்தார். மறுமுறை சற்று அருகே. முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளை உடன் விளையாட விட்டார். இடையில் பீட்டருக்குச் செங்காய்ச்சல் வந்தது; மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பெரிய நாய் ஒன்று அவனை அச்சுறுத்த, பழைய நிலைக்கே திரும்பினான். ஜோன்ஸ் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முடிவில் முயல் தன் விரல்களை மெல்லக் கொறிக்கும்படி விட்டுக்கொண்டிருந்தான் அந்தப் பிள்ளை.

முயலை அவசரப்பட்டு நெருக்கினால் அச்சம் உணவின்மேலேயே ஏறிவிடும் என்றும் அவர் எச்சரித்திருக்கிறார். எவ்வளவு தொலைவில் வைக்க வேண்டும் என்பதைக் குழந்தையின் முகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். அவர் வேறு பிள்ளைகளிடம் பல வழிகளை முயன்று பார்த்தவர். பேசித் தெளிவித்தல், கேலி செய்தல், வெறுமனே காலத்தைக் கடத்துதல் ஆகியவை பயன்படவில்லை. பிடித்த ஒன்றோடு இணைத்தலும் அஞ்சாத பிள்ளைகளின் கூட்டுமே பயன்பட்டன. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்றுவரை முதலில் கையிலெடுப்பது கேலியைத்தான். 1958இல் வோல்பி வகுத்த படிப்படியான அச்ச நீக்க முறையும், நாயோடு விளையாடும் பிள்ளையைக் காட்டி நாய்க்கு அஞ்சும் பிள்ளைகளைத் தேற்றிய ஆல்பர்ட் பண்டூராவின் 1967ஆம் ஆண்டு ஆய்வும் இவர் போட்ட தடத்தில் வந்தவை. கோட்பாட்டில் வாட்சனும் ஜோன்சும் ஒரே பள்ளி. அந்தப் பள்ளிக்குள் இருவரிடையே எவ்வளவு தொலைவு!

எந்தப் பொருளோடும் எந்த அச்சத்தையும் முடிச்சிடலாம் என்ற வாட்சனின் நம்பிக்கை நிலைக்கவில்லை. சில பொருள்களுக்கு அஞ்ச உயிர்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கின்றன என்று மார்ட்டின் செலிக்மன் 1971இல் வாதிட்டார். மைக்கேல் குக்கும் சூசன் மினேக்காவும் 1980களில் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த, பாம்பையே அறியாத குரங்குகளுக்கு, பாம்பைக் கண்டு நடுங்கும் குரங்கின் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவை பாம்புக்கு அஞ்சக் கற்றுக்கொண்டன. பிறகு படத்தை வெட்டி ஒட்டி, அதே நடுக்கம் மலரைக் கண்டு நேர்ந்ததாகக் காட்டினார்கள். மலருக்கு அஞ்ச எந்தக் குரங்கும் கற்கவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் என நான்கு நிலைக்களன்களை வகுத்திருப்பது உங்களுக்கு நினைவுக்கு வரும். அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று மார்தட்ட நான் இதைக் குறிப்பிடவில்லை. அந்தப் பழக்கம் தொல்காப்பியத்துக்கும் நன்மை செய்வதில்லை, உளவியலுக்கும் நன்மை செய்வதில்லை. அச்சத்துக்குரிய பொருள்களை எண்ணி அடக்க முடியும் என்று கருதிய புலமை மரபு நமக்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். உடம்பில் தோன்றுவதை வைத்து உணர்ச்சியை அறிவது என்பதும் அந்த மரபு. அச்சத்தின் உடம்பைத் தேடிப் போனவர்களில் ஜோசப் லெடூ முக்கியமானவர். மூளையின் இருபுறத்தும் வாதுமை வடிவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதிக்கு, நாம் இன்னதென்று அறியுமுன்பே செய்தி குறுக்குவழியில் போய்ச் சேருவதை எலிகளிடம் அவர் கண்டார். 1996இல் வந்த அவர் நூல் இதனைப் பரப்பியது. அமிக்டலாவே அச்சத்தின் இருப்பிடம் என்று ஏடுகள் எழுதத் தொடங்கின. 2014இல் அவரே அதை மறுத்து எழுதினார்: எலியிடம் நான் அளந்தது ஆபத்துக்கு உடல் தரும் எதிர்வினை, அச்சம் என்ற சொல்லை உணர்ந்து அறியும் அனுபவத்துக்கே வைத்துக்கொள்வோம் என்பது அதன் சாரம். தம் துறையின் தலையாய சொல்லையே திரும்பக் கேட்டு வாங்கிய அறிவியலாளர் அவர். நோயினால் இருபுற அமிக்டலாவையும் இழந்த, எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் பெண்மணி பாம்புகளை அச்சமின்றிக் கையிலெடுத்தார்; ஆனால் 2013இல் வெளியான ஆய்வில், கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது அவர் பெரும் பீதி அடைந்தார். வெளியிலிருந்து வரும் அச்சத்துக்கு ஒரு வழி, மூச்சுமுட்டும் அச்சத்துக்கு வேறு வழி போலும்.

ஹான்சிடம் திரும்புவோம். ஜான் பௌல்பி 1973இல் வெளியிட்ட பிரிவு பற்றிய நூலில் அந்தப் பழைய ஏட்டை மீண்டும் விரித்தார். யாரும் பொருட்படுத்தாத சில வரிகள் அவர் கண்ணில் பட்டன. குதிரை அச்சத்துக்குச் சில நாள் முன்பு, அம்மா போய்விட்டதாகச் சிறுவன் கனவு கண்டு அழுதிருக்கிறான். திரும்பி வரமாட்டேன் என்று அம்மா சொன்னதாக ஓரிடத்தில் அவனே சொல்கிறான். முதல் நாள் தெருவில் அவன் அழுதபோது குதிரையைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மா வேண்டும் என்றுதான் அழுதான். தாயை இழந்துவிடுவோமோ என்பதே அச்சம், குதிரை பின்னால் வந்தது என்பது பௌல்பியின் உரை. தொல்காப்பியர் இழவை அச்சத்தில் வைக்கவில்லை, அழுகையில் வைத்தார். இழப்பு நேருமுன் அதனை எண்ணி நடுங்குவதை அச்சம் என்பதா, முன்கூட்டிய அழுகை என்பதா? இலக்கணம் கற்றவர்கள் சொல்லுங்கள்.

பௌல்பியின் உரையை நான் ஏற்பதற்குப் புத்தகம் மட்டும் காரணமன்று. 1974இல் ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். காலை பத்தரை மணி ஆனால் எழுந்து வீட்டுக்கு ஓடிவிடுவான். பயிற்சியில் படித்தது மனத்தில் பசுமையாக இருந்தது. முழுநாள் இருந்தால் ஒரு கடலை மிட்டாய் என்றேன். மிட்டாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், மறுநாளும் ஓடினான். பரிசை நிறுத்தினேன், பிரம்பை எடுத்தேன். ஒருநாள் கதவைத் தாழிட்டேன். அவன் கதவருகே நின்று காற்சட்டையிலேயே சிறுநீர் கழித்தான், பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களை அடக்கவில்லை. மதிய உணவு சமைக்கும் அம்மாள்தான் அன்று மாலை என்னிடம், "சார், அவன் அம்மாவுக்கு நெஞ்சுநோய். போன வருசம் இவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுதான் தங்கச்சி செத்துப்போச்சு. மூச்சு இருக்கா என்று பார்க்கத்தான் ஓடுகிறான்" என்றார். மிட்டாய் யாருக்குப் போனது என்பதும் அன்றுதான் விளங்கியது. தலைமை ஆசிரியரிடம் பேசி, இடைவேளை மணி அடித்ததும் அவன் வீட்டுக்குப் போய்வர இசைவு பெற்றேன். போனான், ஓடியே திரும்பி வந்தான். அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. அவனிடம் ஒருநாளாவது ஏன் ஓடுகிறாய் என்று நான் கேட்டதில்லை. என் உரையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லாதிருந்தது.

கேட்பதையே முறையாக்கியவர்கள் மனிதநேயப் பிரிவினர். கார்ல் ராஜர்ஸ் வாழ்க்கை முழுதும் சொன்னது, விளக்கம் சொல்லாதீர்கள், துணையாக இருந்து கேளுங்கள் என்பதே. அது இனிப்பான அறிவுரையாக இன்று தேய்ந்துவிட்டது. அவர் செய்த பெரிய காரியம் வேறு: சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, ஒரு முழு உரையாடலை 1942இல் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். ஹான்ஸின் தந்தை எழுதிய குறிப்பு எங்கே, யாரும் சரிபார்க்கத்தக்க அந்தப் பதிவு எங்கே! 1956இல் அவரும் ஸ்கின்னரும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். மனித நடத்தையைக் கட்டுப்படுத்துவது யார், யாருடைய நன்மைக்காக என்பதே வாதம். என் கடலை மிட்டாயை நினைத்தால் ராஜர்ஸ் பக்கம் சாய்கிறேன். பீட்டரின் முயலை நினைத்தால், வெறுமனே கேட்டுக்கொண்டிருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்ற ஐயமும் எழுகிறது.

அறிதல் உளவியலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நேரம் குறித்து அவைத் தலைவர் இருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஆரன் பெக் உளப்பகுப்பில் பயின்றவர். நோயாளிகள் வாய்விட்டுச் சொல்லும் நினைவோட்டத்துக்குப் பக்கத்திலேயே, சொல்லாமல் ஓடும் இன்னோர் எண்ணத்தொடர் இருப்பதைக் கவனித்தார்: நான் பேசுவது இவருக்குச் சலிப்பாக இருக்கிறது என்பது போன்ற சின்னச்சின்னத் தீர்ப்புகள். அவை ஆழத்தில் புதைந்தவையல்ல, கேட்டால் சொல்லத்தக்கவை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. குதிரை விழுந்தபோது அது செத்துவிட்டது என்று ஹான்ஸ் எண்ணினானே, அந்த எண்ணத்தைத் திறந்து பார்ப்பதே இவர்கள் முறை. 'ஆழ்மனம்' என்ற சொல்லை நாம் கவிதைக்குக் கவிதை தெளிக்கிறோம். மேலோட்டமாகவே கிடப்பதைப் பார்க்காமல் ஆழத்துக்குப் போய்விட்டோமோ என்று பெக்கைப் படிக்கும்போது எனக்குத் தோன்றும்.

எந்த உரை சரி என்று கேட்பீர்கள். இவர்கள் விடை கூறிய கேள்வி ஒன்றன்று. ஏன் குதிரை, ஏன் யானையன்று என்பதை ஃபிராய்டு கேட்டார். அச்சம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது வாட்சனின் கேள்வி. எப்படிக் கழன்றுவிழும் என்பது ஜோன்சின் கேள்வி. யாரை இழக்க அஞ்சுகிறான் என்று பௌல்பி கேட்டார். ஒரு கேள்வியின் விடையை இன்னொன்றின் விடையாகக் காட்டும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. மருத்துவத்துக்கு எது பயன்படும் என்று கேட்டால், குறிப்பிட்ட ஒரு பொருளின் அச்சத்துக்குப் படிப்படியாக அதனை எதிர்கொள்ளச் செய்யும் முறைக்கே நல்ல சான்று இருக்கிறது. மேரி கவர் ஜோன்ஸ் வென்றுவிட்டார். ஆனால் என் பள்ளிப் பையனுக்கு அதைச் செய்திருந்தால் அது கொடுமை. அவன் அஞ்சியது பொய்யான ஒன்றுக்கல்லவே.

ஹான்ஸின் உண்மைப் பெயர் ஹெர்பர்ட் கிராஃப். வளர்ந்து இசைநாடக இயக்குநரானார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் பல ஆண்டு பணிபுரிந்து 1973இல் ஜெனீவாவில் காலமானார். பத்தொன்பது வயதில், 1922இல், தாமே ஃபிராய்டின் அறைக்கு வந்து, நான்தான் அந்தச் சிறுவன் என்று அறிமுகம் செய்துகொண்டார். தம்மைப் பற்றிய ஆய்வை அவர் படித்திருந்தார். அதிலிருந்த எதுவும் அவர் நினைவில் இல்லை. வேறு யாரோ ஒருவனின் கதை போலிருந்தது என்று ஃபிராய்டிடம் சொன்னாராம்.

கிணற்றுக் கவிதையை எழுதிய அம்மையாரைச் சென்ற வாரம் சந்தித்தேன். அன்று பேசியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அந்தக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். நெடுநேரம் சொன்னார். அவர் சொன்னதை இந்த மேடையில் சொல்ல எனக்கு உரிமையில்லை. கவிதை இந்த மலரில் வெளியாகிறது.